கொல்லர் மகன் சுற்றிய கம்பிச் சுருள்



பரிசளிப்பு விழா என்றாலே பள்ளி மண்டபம் களைகட்டிவிடும். பெயர் வாசிக்க வாசிக்கப் பிள்ளைகள் மேடையேறுவார்கள். பெற்றவர்கள் எழுந்து நின்று கைப்பேசியில் படம் பிடிப்பார்கள். அந்த நேரத்தில் பின்வரிசையில் சில பிள்ளைகள் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது. அவர்களைப் பெற்றவர்களும் ஓரமாகத்தான் நிற்பார்கள். இந்த மலரைப் புரட்டும்போது அவர்களுக்கென்றும் ஒரு பக்கம் இருக்கட்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் சொல்லப்போவது மைக்கேல் பாரடே என்ற விஞ்ஞானியின் வாழ்க்கை. உங்களில் சிலர் அறிவியல் பாடத்தில் இந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். அவர் இறந்து 150 ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆனாலும் அவர் கை வைத்த ஒரு வேலை இன்றும் முடியவில்லை.

இன்றைக்குப் பெரிய ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் ஒரு கருவி இருக்கிறது. உறையிட்ட கம்பிச் சுருள் ஒன்றை நோயாளியின் தலைமேல் வைக்கிறார்கள். டக்கென்று ஒரு சத்தம். அந்த நொடியே அவருடைய கட்டைவிரல் தானாகத் துடிக்கிறது. கத்தி இல்லை, ஊசி இல்லை, மயக்க மருந்தும் இல்லை. காந்த சக்தி மண்டை ஓட்டைத் தாண்டி மூளையைத் தட்டி எழுப்புகிறது. மனச்சோர்வு நோயால் துவண்டுபோனவர்களுக்கு இந்தக் கருவியால் சிகிச்சை கொடுக்கிறார்கள். இதைக் காந்த மூளைத் தூண்டல் என்று சொல்லலாம். இதற்கு மூலவேர் எது தெரியுமா? துணியையும் நூலையும் வைத்துப் பாரடே தம் கையால் சுற்றிய ஒரு கம்பிச் சுருள்தான்.

ஒரு வாரத்துக்கு ஒரு ரொட்டி

லண்டன் மாநகரின் தென்புறத்தில் நியூவிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் 1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி மைக்கேல் பிறந்தான். தந்தையார் ஜேம்ஸ் பாரடே இரும்படிக்கும் கொல்லர். உழைப்பாளிதான், ஆனால் நோயாளி. வேலைக்குப் போகும் நாள் பாதி, படுக்கையில் கிடக்கும் நாள் பாதி. தாயார் மார்கரெட். நான்கு பிள்ளைகளில் மைக்கேல் மூன்றாவது.

1801ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தானிய விலை தாறுமாறாக ஏறியது. குடும்பம் பொது உதவியை நம்பிப் பிழைக்கும் நிலைமைக்கு வந்தது. அப்போது மைக்கேலுக்கு ஒன்பது வயது. ஒரு வாரத்துக்கு ஒரு ரொட்டி, அதுதான் அவன் பங்கு. பசியெடுத்த பிள்ளை அதை எப்படி ஏழு நாளுக்கும் பங்கு போட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சம்பள நாளுக்கு முந்திய வாரத்தை எப்படி ஓட்டுவது என்று தெரிந்த நம் பாட்டிமார்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பள்ளிக்கூடம் போனான். எழுதவும் வாசிக்கவும் ஓரளவு கணக்குப் போடவும் கற்றுக்கொண்டான். அவ்வளவோடு படிப்பு நின்றது. 1804இல் ரீபோ என்பவருடைய புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தான். காலையில் செய்தித்தாளைச் சுமந்து வீடு வீடாகக் கொடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் பத்திரிகை விலை அதிகம். ஆகவே பலர் வாடகைக்குத்தான் வாசிப்பார்கள். ஒரு வீட்டில் வாசித்து முடித்ததும் வாங்கி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

பையனின் ஒழுங்கைக் கண்ட ரீபோ மறு ஆண்டே அவனைப் புத்தகம் கட்டும் தொழிலுக்குப் பயிற்சியாளனாகச் சேர்த்துக்கொண்டார். இப்படிச் சேர்வதற்கு முன்பணம் கட்டுவது அன்றைய வழக்கம். அந்தப் பணத்தை அவர் வாங்கவில்லை. ஏழு ஆண்டு ஒப்பந்தம். ஒரு நல்ல முதலாளி அமைவதும் பிள்ளைக்கு ஒரு கல்விதான்.

கட்டிய புத்தகமே கல்லூரி

கிழிந்த புத்தகங்களைத் தைப்பதும் தோல் அட்டை போடுவதும் வேலை. மற்றப் பையன்கள் அட்டையை மட்டும் பார்த்தார்கள். மைக்கேல் உள்ளே இருந்ததையும் வாசித்தான். ஜேன் மார்செட் என்ற அம்மையார் எளிய நடையில் எழுதிய வேதியியல் உரையாடல் நூல் அவன் கைக்கு வந்தது. பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தைக் கட்டும்போது மின்சாரத்தைப் பற்றிய கட்டுரை கண்ணில் பட்டது. வாசித்ததோடு விடவில்லை. மிச்சம் பிடித்த காசில் கண்ணாடிக் குப்பிகள் வாங்கிச் சின்னதாக ஒரு மின்பொறியைத் தானே செய்துவிட்டான். புத்தகத்தில் போட்டிருப்பது உண்மைதானா என்று கையால் செய்து பார்த்தால்தான் அவனுக்குத் திருப்தி. சாகும் வரை அவருக்கு இந்தக் குணம் மாறவில்லை.

1810இல் டாட்டம் என்பவர் தம் வீட்டில் மாலை நேரத்தில் அறிவியல் சொற்பொழிவுகள் நடத்தினார். ஒரு சொற்பொழிவுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். பயிற்சியாளனிடம் ஏது காசு? தந்தையாரும் அந்த ஆண்டு காலமானார். கொல்லுப்பட்டறையில் வேலை செய்த அண்ணன் ராபர்ட்தான் தம்பிக்கு அந்த ஷில்லிங்கைக் கொடுத்தார். நம் தோட்டங்களில் தம்பி தங்கை படிக்கட்டும் என்று தாம் பள்ளியை விட்டு மங்கு கழுவப் போன அண்ணன் அக்காமார் எத்தனை பேர்! அவர்கள் பெயரை யாரும் மேடையில் வாசிப்பதில்லை. ராபர்ட்டின் பெயரையாவது நாம் ஞாபகத்தில் வைத்துக்கொள்வோம். இன்னொரு முறை இவர் கதையில் வருவார்.

1812ஆம் ஆண்டு கடைக்கு வந்துபோகும் டான்ஸ் என்ற வாடிக்கையாளர் மைக்கேலுக்கு அனுமதிச் சீட்டுகள் கொடுத்தார். ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற புகழ்பெற்ற அறிவியல் நிலையத்தில் சர் ஹம்ப்ரி டேவி பேசும் சொற்பொழிவுகளுக்கான சீட்டுகள் அவை. நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டார் மைக்கேல். (இனி அவர் இளைஞர், ஆகவே மரியாதையாகவே சொல்வோம்.) கேட்டதையெல்லாம் குறிப்பெடுத்தார். வீட்டில் அழகாகத் திருப்பி எழுதினார், படம் வரைந்தார், தாமே அட்டை போட்டுக் கட்டினார். சுமார் 300 பக்கம் கொண்ட புத்தகம் ஆகிவிட்டது. அதை டேவிக்கே அனுப்பி வேலை கேட்டார்.

அதற்கு முன்பே ராயல் சொசைட்டி என்ற அறிஞர் சங்கத்தின் தலைவருக்கு வேலை கேட்டு ஒரு கடிதம் எழுதியிருந்தார். பதிலே வரவில்லை. டேவியும் முதலில் இடமில்லை என்றுதான் சொன்னார். தெரிந்த தொழிலை விட்டுவிடாதே என்று புத்தியும் சொல்லி அனுப்பினார். சில வாரங்களில் ஆய்வுக்கூடத்து உதவியாளர் ஒருவர் சண்டை போட்டு வேலையை இழந்தார். டேவிக்கு அந்தப் புத்தகம் ஞாபகத்துக்கு வந்தது. 1813 மார்ச் 1ஆம் தேதி மைக்கேல் பாரடே அந்த வேலையில் அமர்ந்தார். வாரம் 25 ஷில்லிங் சம்பளம். மாடியில் இரண்டு அறை. குளிருக்குக் கரியும் வெளிச்சத்துக்கு மெழுகுவத்தியும் இலவசம்.

அதே ஆண்டு டேவி தம்பதியரோடு ஐரோப்பியப் பயணம் போனார். அங்கே ஆம்பியர், வோல்டா போன்ற மேதைகளை நேரில் கண்டார். ஆனால் டேவியின் மனைவியார் அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். எடுபிடி வேலையெல்லாம் அவர் தலையில் விழுந்தது. மனம் நொந்து திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தார். இருந்தும் பொறுத்துக்கொண்டார். பிரெஞ்சும் இத்தாலியும் கற்றுக்கொண்டு 1815இல் லண்டன் திரும்பினார்.

பால்மரத்துக்கும் பாரடேக்கும் உள்ள உறவு

இந்தப் பகுதியை நம் பெரியவர்கள் கவனமாக வாசிக்க வேண்டும். இன்று கோல சிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை (2007 முதல் பெஸ்தாரி ஜெயா), தஞ்சோங் காராங் பக்கமெல்லாம் செம்பனைதான் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் விடியற்காலையில் தலையில் லாம்பு கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டிய கைகள் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றன. அந்தப் பாலுக்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்தவர்களில் முதன்மையானவர் பாரடே.

1824இல் இரண்டு ரப்பர் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுவில் ஒட்டாமலிருக்க மாவு தூவி, ஓரத்தை மட்டும் அழுத்தி ஒட்டினார். உள்ளே ஹைட்ரஜன் வாயுவை அடைத்தார். அது பந்தாக உப்பி மேலே எழுந்தது. பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் ஊதும் ரப்பர் பலூனுக்கு அதுதான் முன்னோடி. 1826இல் ரப்பர் பாலை எடுத்துப் பிரித்து ஆராய்ந்தார். சுத்தமான ரப்பரில் இருப்பது கரியும் ஹைட்ரஜனும் மட்டுமே என்றும், ஐந்து பங்கு கரியணுவுக்கு எட்டு பங்கு ஹைட்ரஜன் அணு என்றும் கணக்குச் சொன்னார். இன்றைய பாடப்புத்தகமும் அதையேதான் சொல்கிறது.

மலாயாக் காட்டு மரத்திலிருந்து எடுத்த கெட்டா பெர்ச்சா என்ற பிசின் மின்சாரத்தை ஒழுகவிடாமல் தடுக்கும் என்று 1848இல் எழுதி வெளியிட்டவரும் அவரே. பிறகு கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்டபோது அந்தப் பிசினைத்தான் உறையாகப் போட்டார்கள்.

கோல சிலாங்கூர் மலாவத்தி குன்றின்மேல் 1907இல் கட்டிய கலங்கரை விளக்கத்தைச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். அது அவர் காலத்துக்குப் பிந்தியது. ஆனால் இங்கிலாந்துக் கலங்கரை விளக்கங்களுக்கு 1836 முதல் ஏறக்குறைய முப்பது ஆண்டு அறிவியல் ஆலோசகராக இருந்தவர் பாரடே. அங்கே எண்ணெய் விளக்கின் புகையும் நீராவியும் கண்ணாடியில் படிந்து வெளிச்சத்தை மறைத்தன. அதை வெளியேற்ற ஒரு புகைபோக்கி செய்தார். இதை விற்றுக் காசு பார்க்கலாம் என்ற நிலை வந்தபோது, உரிமையைத் தம் அண்ணன் ராபர்ட்டுக்கே கொடுத்துவிட்டார். ராபர்ட்தான் அதைத் தம் பெயரில் பதிவு செய்தார். அன்று கொடுத்த ஷில்லிங் எப்படித் திரும்பி வந்தது பார்த்தீர்களா!

ஊசி ஆடிய நாள்

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். மின்சாரம் ஓடும் கம்பிக்கு அருகே காந்த ஊசி திரும்புகிறது என்று 1820இல் டென்மார்க் நாட்டு ஓர்ஸ்டெட் கண்டுபிடித்தார். மின்சாரம் காந்தத்தை உண்டாக்கும் என்றால், காந்தம் மின்சாரத்தை உண்டாக்காதா? இந்தக் கேள்வி பாரடேயை விடவில்லை. விட்டு விட்டுப் பத்தாண்டு முயன்றார். ஒவ்வொரு முறையும் தோல்வி.

1831 ஆகஸ்ட் 29ஆம் தேதி. ஆறு அங்குல அகலத்தில் ஓர் இரும்பு வளையம். அதன் ஒரு பாதியில் செப்புக் கம்பியைச் சுற்றினார். மறு பாதியில் வேறு செப்புக் கம்பி. அந்தக் காலத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி கடையில் கிடைக்காது. சுற்றுக்குச் சுற்று மின்சாரம் தாவாமலிருக்க நடுவே நூலையும் பருத்தித் துணியையும் வைத்துப் பொறுமையாகச் சுற்ற வேண்டும். புத்தகம் தைத்துப் பழகிய விரல்கள் அல்லவா!

ஒரு சுருளை பேட்டரியோடு இணைத்தார். மறு சுருளின் கம்பி ஒரு காந்த ஊசிக்கு மேலே போனது. இரண்டு சுருளும் ஒன்றையொன்று தொடவில்லை. பேட்டரியை இணைத்த நொடியில் அந்த ஊசி ஆடியது. பிறகு நின்றுவிட்டது. மின்சாரம் ஓடிக்கொண்டேதான் இருந்தது, ஊசியில் அசைவில்லை. பேட்டரியைக் கழற்றிய நொடியில் மறுபடியும் ஆடியது, இந்த முறை எதிர்ப்பக்கம்.

இதன் பொருள் என்ன? காந்தம் சும்மா இருந்தால் பயனில்லை. அது மாற வேண்டும். தஞ்சோங் காராங் வயல் வாய்க்காலை எண்ணிக்கொள்ளுங்கள். தண்ணீர் ஒரே சீராக நிற்கும்போது கட்டிப்போட்ட படகு ஆடாது. மதகைத் திறக்கும்போதும் மூடும்போதும்தான் ஆடும். எவ்வளவு சட்டென்று திறக்கிறோமோ அவ்வளவு பெரிய ஆட்டம். காந்த சக்தி எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறதோ அவ்வளவு வலுவான மின்சாரம் பக்கத்தில் எழும்.

அக்டோபர் 17ஆம் தேதி ஒரு சுருளுக்குள் காந்தக் கட்டையைச் சொருகி எடுத்தார். மின்சாரம் பிறந்தது. 28ஆம் தேதி பெரிய காந்தத்தின் முனைகளுக்கு நடுவே செப்புத் தட்டைச் சுழற்றித் தொடர்ச்சியான மின்சாரம் எடுத்தார். நவம்பர் 24ஆம் தேதி ராயல் சொசைட்டியில் அவருடைய கட்டுரை வாசிக்கப்பட்டது. தோட்டத்து ஜெனரேட்டர், சாலையோரத்து டிரான்ஸ்பார்மர், மின்நிலையத்துப் பெரும்பொறி எல்லாம் இந்த ஊசி ஆட்டத்தின் பேரப்பிள்ளைகள். எதற்கும் அவர் காப்புரிமை கேட்கவில்லை. எழுதி வெளியிட்டு உலகத்துக்கே விட்டுவிட்டார்.

இன்னொன்றையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். பாரடேக்கு உயர்கணிதம் வராது. கோடு போட்டும் படம் வரைந்தும்தான் அவர் சிந்தித்தார். பிற்காலத்தில் மேக்ஸ்வெல் என்ற கணித மேதை அந்தப் படங்களை எண்களாக்கிச் சமன்பாடாக எழுதினார். கணக்கில் மதிப்பெண் குறைந்த பிள்ளையிடமும் வேறொரு சொத்து இருக்கலாம். அது எதுவென்று கண்டுபிடிப்பது நம் வேலை.

மூளை களைத்தபோது

1838இல் தென் அமெரிக்க மின்விலாங்கு மீன் ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஆராய்ந்தார். அதைக் கையால் தொட்டு அதன் அதிர்ச்சியைத் தம் உடம்பிலேயே வாங்கிக்கொண்டார். மீனின் மின்சாரமும் பேட்டரியின் மின்சாரமும் ஒரே தன்மை என்று காட்டினார். நரம்புக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு அவரை மிகவும் கவர்ந்தது.

ஆனால் அந்த ஆண்டுகளிலேயே அவருடைய மூளை களைக்கத் தொடங்கியது. தலைவலி, தலைச்சுற்றல், மறதி. நேற்றுச் செய்தது இன்று ஞாபகம் இல்லை. 1840ஐ ஒட்டி வேலையே செய்ய முடியாத நிலை வந்தது. உலகம் போற்றிய விஞ்ஞானி ஆய்வுக்கூடத்தை விட்டு விலகி இருந்தார். 1841இல் மனைவி சாரா அவரை சுவிட்சர்லாந்துக்கு அழைத்துப்போனார். அங்கே மலைப்பாதைகளில் மைல் கணக்கில் நடந்தார். அந்தக் காலத்தில் அவர் நோய்க்கு மருந்து கிடையாது. ஓய்வும் நடையும் அன்பான துணையும்தான் வைத்தியம்.

அம்மையார் அவரைக் குறை சொல்லவில்லை. நண்பர்கள் ஒதுக்கவில்லை. பதவியும் போகவில்லை. நிதானமாக எழுந்து வந்தார். 1845இல் காந்தம் ஒளியையும் திருப்பும் என்ற பெரிய உண்மையைக் கண்டார். நோய் வந்தவர் முடிந்துபோனவர் அல்லர் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

மறதி முழுதாகப் போகவில்லை. அதற்கும் வழி செய்தார். ஆய்வுக் குறிப்பேட்டில் ஒவ்வொரு பத்திக்கும் எண் போட்டு எழுதினார். அந்த எண் 16,000ஐத் தாண்டியது.

சிறுவர்களுக்காகக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் 19 முறை சொற்பொழிவு வரிசை நடத்தினார். ஒரு மெழுகுவத்தியை மட்டும் வைத்துக்கொண்டு பல நாள் பாடம் சொன்னதும் அதில் சேரும். ராயல் சொசைட்டித் தலைவர் பதவி தேடி வந்தபோது வேண்டாமென்றார். வேலை கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் போடாத அதே பதவிதான் அது. 1858இல் விக்டோரியா அரசியார் ஹாம்ப்டன் கோர்ட்டில் குடியிருக்க ஒரு வீடு கொடுத்தார். 1867 ஆகஸ்ட் 25ஆம் தேதி அங்கே நாற்காலியில் அமர்ந்தபடியே அமைதியாக உயிர் நீத்தார். அவர் விருப்பப்படியே ஆடம்பரம் இல்லாமல் ஹைகேட் மயானத்தில் அடக்கம் செய்தார்கள்.

சுருள் தலைமேல் ஏறிய கதை

அவர் போன பிறகும் சுருள் வளர்ந்தது. காந்தம் மாறும் இடத்தில் கம்பி இருந்தால் கம்பியில் மின்சாரம் எழும். கம்பிக்குப் பதில் நரம்பு இருந்தால்? 1896இல் பாரிஸில் தார்சன்வால் என்ற மருத்துவ விஞ்ஞானி பெரிய சுருளுக்குள் தலையை வைத்துப் பார்த்தார். கண்ணுக்குள் மினுமினு என்று வெளிச்சம் தெரிந்தது, நம் கோல சிலாங்கூர் ஆற்றோரத்து மின்மினிகளைப் போல. 1910இல் லண்டனில் சில்வானஸ் தாம்சன் என்பவரும் அவ்வாறே செய்து பார்த்தார். இந்தத் தாம்சன்தான் 1898இல் பாரடேயின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர். ஆனால் அந்த வெளிச்சம் கண் நரம்பின் வேலை. மூளை வரைக்கும் எட்டவில்லை.

மண்டை ஓட்டின் வழியே நேராக மின்சாரம் செலுத்தினால் தோல் துடித்து வலிக்கும். காந்தத்துக்கோ எலும்பு ஒரு தடையே இல்லை. ஆனால் அது மிக வலுவாகவும் மிக விரைவாகவும் மாற வேண்டும். 1985இல் இங்கிலாந்தின் ஷெப்பீல்டு நகரில் அந்தோனி பார்க்கரும் அவருடைய குழுவினரும் அதைச் செய்து காட்டினார்கள். மின்தேக்கியில் மின்சாரத்தைச் சேர்த்து வைத்து, ஒரே மூச்சில் சுருளுக்குள் கொட்டினார்கள். ஆயிரக்கணக்கான ஆம்பியர், ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில். கை அசைந்தது, வலி இல்லை.

அதன் பிறகு பொறியியலார் வேலை தொடங்கியது. குறை ஒவ்வொன்றாகத் தீர்த்தார்கள். வட்டச் சுருள் மூளையின் பெரும் பகுதியை ஒரே நேரத்தில் தூண்டியது. எங்கே பட்டது என்று சொல்ல முடியவில்லை. 1988இல் ஜப்பானில் உவேனோ குழுவினர் இரண்டு சுருளை எட்டு என்ற எண்ணைப் போலச் சேர்த்து வைத்தார்கள். இரண்டும் சந்திக்கும் நடுவிடத்தில் மட்டும் வலு கூடியது. குறி தப்பாமல் ஓரிடத்தைத் தொட முடிந்தது.

அடுத்தது சூடு. அவ்வளவு மின்சாரம் பாய்ந்தால் கம்பி கொதித்துவிடும். காற்றும் நீரும் எண்ணெயும் ஓடவிட்டுக் குளிரவைத்தார்கள். தொடக்கத்தில் ஒரு தட்டுக்கும் மறு தட்டுக்கும் இடையே சில நொடி காத்திருக்க வேண்டும். பிறகு ஒரு நொடியில் பலமுறை தட்டும் கருவிகள் வந்தன. சாதாரணச் சுருள் மூளையில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம்தான் போகும். இன்னும் ஆழம் போக வேறு வடிவத்தில் சுருள் செய்தார்கள். சத்தம் பலமாக இருப்பதால் நோயாளிக்குக் காதடைப்பான் கொடுக்கிறார்கள்.

மருந்து கேட்காத மனச்சோர்வு நோய்க்கு இதைப் பயன்படுத்த 2008இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. வாரம் ஐந்து நாள் வீதம் நான்கு முதல் ஆறு வாரம் வரை போக வேண்டும். முன்பு ஒரு முறைக்கு அரைமணி நேரத்துக்கு மேலும் பிடித்தது. தட்டும் முறையை மாற்றிய பிறகு மூன்று நிமிடத்தில் முடிக்கும் முறைக்கும் 2018இல் அனுமதி கிடைத்தது. இந்தியாவில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிலையத்தில் இந்தச் சிகிச்சை உண்டு.

இது மந்திரக்கோல் அல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாருக்கும் பலிப்பதில்லை. அரிதாகச் சிலருக்கு வலிப்பு வரக்கூடும். தலைக்குள் உலோகம் பொருத்தியவர்களுக்கு ஆகாது. முதலில் மருந்தும் மனநல ஆலோசனையும்தான். டாக்டர் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

நமக்கு என்ன?

நான் ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். என் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தது. நன்றாகப் படித்த பிள்ளை, திடீரென்று அழுக்குச் சட்டையோடு வர ஆரம்பித்தது, வீட்டுப்பாடம் செய்வதில்லை. நானும் இரண்டு மூன்று முறை கடிந்துகொண்டேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. வீட்டில் தாயார் பல மாதமாகப் பேசுவதில்லை, சமைப்பதில்லை, சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கிறார். அக்கம்பக்கத்தார் சோம்பேறி என்றார்கள். சிலர் காற்று கருப்பு என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். கடைசியில் உறவினர் ஒருவர் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். மாத்திரையும் ஆலோசனையும் கொடுத்தார்கள். சில மாதத்தில் அந்த அம்மா தம் கையால் பிள்ளைக்குத் தலைசீவிப் பள்ளிக்கு அனுப்பினார். அந்தக் காலையை நான் மறக்கமாட்டேன். நான் கடிந்துகொண்டதையும் மறக்கமாட்டேன்.

கை உடைந்தால் கட்டுப் போடுகிறோம். மூளை களைத்தால் மட்டும் ஏன் மறைக்கிறோம்? பாரடேயின் மூளையும் களைத்தது. அதில் வெட்கம் என்ன இருக்கிறது? வீட்டில் யாராவது இரண்டு வாரத்துக்கு மேல் சோர்ந்து, தூக்கமில்லாமல், எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால் பக்கத்து அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப்போங்கள். கோயிலுக்கும் போங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கிளினிக்குக்குப் போவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. 1831இல் அந்த ஊசி ஆடியது கொஞ்சம்தான். அறையில் வேறு யாராவது இருந்திருந்தால் கவனிக்காமலே போயிருப்பார்கள். அந்தச் சின்ன ஆட்டத்தை ஒருவர் மதித்துக் குறித்து வைத்தார். பிறகு வந்தவர்கள் ஆளுக்கொரு குறையைத் தீர்த்தார்கள். 154 ஆண்டு கழித்து அது ஒரு மனிதரின் கையை அசைத்தது. இன்று துவண்ட மனங்களைத் தட்டி எழுப்புகிறது.

பழைய செப்புக் கம்பி கொஞ்சம், ஒரு காந்தம், ஒரு திசைகாட்டி. இவ்வளவு இருந்தால் போதும், பாரடே செய்ததை நீங்களும் செய்து பார்க்கலாம். விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் என்னிடம் வாருங்கள். மாலையில் நாம் சேர்ந்து சுற்றுவோம். ஊசி ஆடுகிறதா என்று நீங்களே பாருங்கள்.